வெட்டுப் பதம்

அக்கா, அம்மா நாளைக்கு உனக்கு ஃபோன் செய்வாள். அவள் பாதியை முழுங்கிவிடுவாள், அம்மாவோடு பூ வெட்டும் அவூர் அக்கா இரண்டு மடங்கு சேர்த்துச் சொல்லுவாள். அதனால் முதலில் என்னிடம் கேட்டுக்கொள். ஃபோனில் அவசரமாகத் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் சிரிக்காதே.

எல்லாம் என் ரோஜாச் செடியால் வந்தது.

பாதிரியார் வீட்டு முன்னால் ஒரு ரோஜா இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? பழுத்த பப்பாளியில் பால் கலந்த மாதிரி ஒரு நிறம். அம்மாவின் பூப்பண்ணையில் அந்த நிறத்துக்கு ஆப்ரிகாட் என்று பெயர். பூசை முடிந்து வெளியே வந்தால் வாசனை நம்மை நிறுத்தி வைக்கும். நீ எல்டோரெட்டுக்கு நர்சிங் படிக்கப் போன பிறகு சுற்றுச்சுவர் கட்டுகிறோம் என்று அதை வேரோடு பிடுங்கி ரோட்டில் போட்டுவிட்டார்கள். நான் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வந்தேன். ஏரிக்கரை வேலியில் கிடந்த காட்டு ரோஜாவைத் தோண்டி நம் வீட்டுக்குப் பின்னால், சுக்குமா கீரைப் பாத்தி ஓரமாக நட்டு, குச்சியிலிருந்து ஒரு கண்ணைச் சீவி எடுத்து அதில் ஒட்டு வைத்தேன். முதல் கண் கறுத்துப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது பிடித்துக்கொண்டது.

தெரியும், பண்ணை கொடுத்த லைன் வீடுகளில் ரோஜா வைக்கக்கூடாது. கீரை வைக்கலாம், சோளம் வைக்கலாம், கோழிகூட வளர்க்கலாம். ரோஜாதான் கூடாது. நான் சோளத்துக்கு நடுவில் மறைத்து வைத்திருந்தேன். சோளத்தை அறுத்ததும் செடி வெட்டவெளியில் நின்றது, உச்சியில் ஒரே ஒரு மொட்டோடு.

நீ போன பிறகு லாங்கட் என்று ஒரு சூப்பர்வைசர் வந்திருக்கிறார். அவர் கண்ணில் முதலில் பட்டது அந்த மொட்டின் நிறம். ஏழாம் பாலிஹவுஸ் கொட்டகையில் புதிதாக ஓர் ஆப்ரிகாட் ரகம் போட்டிருக்கிறார்கள். அதில் ஓர் இலையைக்கூட யாரும் வெளியே எடுத்துப் போகக்கூடாது. அம்மா பூ வெட்டுவது அதே ஏழாம் பாலிஹவுஸில்தான். அவ்வளவு போதாதா? லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் தண்ணீர் பிடிக்க நின்றிருந்தபோது, நம் வாசலில் வைத்து, அம்மாவைத் திருடி என்றார். வேலையும் போகும், வீடும் போகும் என்றார்.

எனக்கு வாய் நிற்கவில்லை.

"உங்க பூவுக்கு வாசனை கிடையாது சார். இதுக்கு உண்டு. விரியட்டும், மோந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க யாரு திருடின்னு."

அவர் சிரித்தார். சனிக்கிழமை மேனேஜர் முகாம்பி லைனைப் பார்க்க வருகிறார், அதுவரைக்கும் விட்டுவைக்கிறேன் என்றார். அம்மா உள்ளே வந்து, எதற்கடி சவால் விட்டாய், பிடுங்கிப் போட்டுவிடலாமே என்றாள். பிடுங்கினால் திருடியது உண்மை என்று ஆகிவிடாதா என்று கேட்டேன்.

மொட்டு நன்றாகத் தடித்துக்கொண்டு வந்தது. பள்ளிக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பார்ப்பேன். பச்சை இதழ்கள் கீழே மடங்கி, வெளி இதழ் ஒன்று லேசாகப் பிரிந்தது. சனிக்கிழமைக்குள் விரிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. அம்மா வேலை முடிந்து, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், கீரைக்குத் தண்ணீர் ஊற்றப் பின்னால் போனாள். நான் கதவில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அம்மாவும் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். செடியைத் தாண்டும்போது அவளுடைய இடது கை தண்டைப் பிடித்தது, கட்டைவிரல் மொட்டை அழுத்திப் பார்த்தது, வலது கை ஏப்ரன் பையிலிருந்து கத்தரியை எடுத்தது. சடக். அவ்வளவுதான். வெட்டியதை இடது முழங்கையில் சாய்த்துக்கொண்டு, பாலிஹவுஸில் செய்வது போல அடுத்த பூவைத் தேடினாள். அடுத்த பூ இல்லை. அப்போதுதான் நின்றாள்.

வெளி இதழ் பிரிந்து வெட்டுப் பதம் வந்த மொட்டு, அக்கா. அந்தக் கைக்கு வேறென்ன தெரியும்?

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். உனக்குக் கை மட்டும்தானா, கண் இல்லையா என்றேன். அம்மா ஈரப் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பொழுதன்னைக்கும் வெட்டுறேன்டி. ஒண்ணுகூட விரிஞ்சு நான் பாத்ததில்ல."

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தோம். பண்ணை ரகம் என்றால் டம்ளரிலேயே விரியும். இது கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டது. மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தேன், பச்சை இலை வாசனைதான் வந்தது. உகாலிக் களியைக் கிளறி வைத்துவிட்டு இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

சனிக்கிழமை லாங்கட் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தார். லைனே வாசலில் நின்றது. தொங்கிய மொட்டைப் பார்த்ததும் லாங்கட்டுக்குக் கொண்டாட்டம், அம்மா பக்கம் திரும்பினார்.

"என்ன நெக்கேசாம்மா, வாசனை வரும்னு உம் பொண்ணு சொன்னாளே. அது லீவுல போயிருக்கா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மா தரையைப் பார்த்தாள். ஆனால் பேக்கிங் ஷெட்டில் பூவைச் சோதிப்பவர்கள் செய்வதை நானும் பார்த்திருக்கிறேனே. மொட்டை உள்ளங்கையில் வைத்து, வாயை ஒட்டி வைத்துச் சூடாக ஊதினேன். ஊதி ஊதி, வெளி இதழை விரலால் மடக்கினேன். முதல் இதழ் கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. அந்த ஒரே பூவை நானே பிய்க்கிறேன் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. நடுப்பகுதி திறந்ததும் வந்தது பார் வாசனை, மாம்பழம் பழுக்க வைத்த அறையைத் திறந்த மாதிரி, அதோடு புதுத் தேயிலையும் கலந்த மாதிரி. ஆளுக்கு ஆள் நீட்டினேன்.

முதலில் மோந்தது அவூர் அக்கா. கொஞ்ச நேரம் மூக்கை எடுக்கவே இல்லை.

"நெக்கேசாம்மா, அப்ப நாம இத்தனை வருஷமா காயிதத்தையா வெட்டிக்கிட்டிருந்தோம்?"

மேனேஜர் வாங்கி இரண்டு தடவை மோந்தார். "இது நம்மது இல்ல, லாங்கட்" என்றார். நம் பூவுக்கு வாசனை கிடையாது, வாசனைக்காரப் பூ வெளிநாட்டுக்குப் போகும் விமானப் பெட்டியில் தாங்காது என்று அவரே விளக்கமும் சொன்னார். ஆனால் லைனில் ரோஜா இருக்கக்கூடாது, நோய் தொற்றினால் பாலிஹவுஸ் மொத்தமும் போய்விடும், செடியை எடுத்தே ஆக வேண்டும் என்றார். அவர் சொன்ன காரணம் பொய் இல்லை, அக்கா. அது எனக்கும் தெரியும்.

அதோடு முடிந்திருக்கலாம். லாங்கட்தான் ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து அம்மா கையில் திணித்தார். "நீயே புடுங்கு. எல்லாரும் பாக்கட்டும். இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்னு சொல்லிட்டு உள்ள போ."

நான் செடிக்கு முன்னால் போய் நின்றேன். அம்மா நகரச் சொன்னாள். நகரவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள், கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தாள், பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"ரோஜா இங்க இருக்கக்கூடாதுன்னா இருக்காது சார். மண்ணோட எடுத்துட்டுப் போறேன், நாங்களும் போறோம். வீட்டை நீங்களே வச்சுக்குங்க. திங்கக்கிழமை வேலைக்கு வருவேன்."

ஒரு செடிக்காக வாடகை வீட்டுக்குப் போகிறாயா, புத்தி கெட்டுவிட்டதா என்று லாங்கட் கேட்டார். அம்மாவின் குரல் ஏறவே இல்லை.

"செடிக்காக இல்ல. திருடின்னு இந்த வாசல்ல வச்சுச் சொன்னீங்க. இல்லைன்னு தெரிஞ்சப்புறம், இல்லைன்னு இந்த வாசல்ல வச்சு யாரும் சொல்லல. மண்வெட்டியத்தான் குடுத்தீங்க."

மேனேஜர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விட்டார். இல்லை என்று அவரும் சொல்லவில்லை.

அதே மண்வெட்டியால் நானும் அம்மாவும் சுற்றிலும் ஆழமாகத் தோண்டி, வேர் மண் உதிராமல் எடுத்து, காலியான பெரிய வனஸ்பதி வாளியில் வைத்தோம். கிளைகளைப் பாதிக்கு மேல் வெட்டிக் கவாத்து செய்துவிட்டேன். இப்போது கதவோரம் முள்ளும் குச்சியுமாக நிற்கிறது. பண்ணைக்கு வெளியே கராகிடாவில் அவூர் அக்காவின் தம்பி ஓர் அறை பார்த்துக் கொடுத்திருக்கிறார். விடிந்ததும் கைவண்டி வரும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. இந்த வெயிலில் வேர் பிடிக்குமா தெரியவில்லை. அங்கே தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். திங்கட்கிழமை லாங்கட் அம்மாவை என்ன செய்வாரோ. ஆனால் நகர்ந்திருக்கலாமே என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை போல. நிம்மதியாகக் குறட்டை விடுகிறாள்.

கராகிடா வீட்டு முற்றம் முழுக்க சிமெண்ட். செடி வைக்க ஓரமாகக் கொஞ்சம் உடைத்துக்கொள்ளலாமா என்று, படுப்பதற்கு முன்னால் அம்மா ஃபோனில் கேட்டாள். முடியவே முடியாது என்றாராம் வீட்டுக்காரர்.

"குடி போனப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கடப்பாரை யாரிடம் இருக்கிறது என்று அவூர் அக்காவை விசாரிக்கப் போனாள்.