மணிக்கட்டுக்குள் விசில்

குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்த வாரத்தில், பார்லரில் முடிவெட்டும் அந்தப் பெண்ணின் இரண்டு மணிக்கட்டுகளுக்குள்ளிருந்தும் விடியற்காலையில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வலதில் ஊதினால் இடதிலும் ஊதும். ஒரு கையோடு விடுகிற பேச்சே இல்லை. ஊதியதும் விரல்கள் பூட்டிக்கொள்ளும், கணுக்கள் வீங்கிச் சுடும், வெயில் ஏறும்வரை சீப்பைக்கூடப் பிடிக்க வராது. மாடிவீட்டுக்காரி, "உன் விசில்தான்டி இப்ப எங்களுக்கு அலாரம். ஞாயித்துக்கிழமையாவது லீவு விடச் சொல்லேன்" என்றாள். இவள் சிரித்து வைத்தாள். முந்தின நாள்தான் குழந்தை கையிலிருந்து நழுவி மெத்தையில் விழுந்திருந்தது. மெத்தையாக இருந்ததால் தப்பியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புருஷன் ஒரு கிடங்கில் காவலாளி. கேட்டதுமே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. "இது ரோந்து விசில். பதில் குடுத்தா போயிருவாங்க" என்று தன் விசிலை எடுத்து நீளமாக ஊதினான். கிடங்கில் அதற்கு, இங்கே எல்லாம் பத்திரம் என்று பொருள். உள்ளே இருந்தவர்களின் வழக்கம் வேறு போலிருக்கிறது. திருடனைப் பிடிக்கக் கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் முழங்கால்களிலும் கால் விரல்களிலும் ஊதினார்கள். உடம்பு கணகணவென்றது, சோறு இறங்கவில்லை, உட்கார்ந்த இடத்தில் அடித்துப்போட்டாற்போல் அசதி. அவன் விசிலைப் பரணில் வீசினான். "ஏங்க, நாளைக்கு எங்க ஊதுவாங்களோ?" என்றாள் அவள்.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை மணிக்கட்டில் வைத்துக் கேட்டார், ஆச்சரியப்படவில்லை. ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுத்தார். "முடக்குவாதம்மா. நோயை விரட்ட வேண்டிய உங்க சொந்தக் காவல்காரங்களே மூட்டுகளைத் திருடன்னு நெனச்சு அடிக்கிறாங்க. விட்டா எலும்பை அரிச்சிருவாங்க, கண்ணு, நுரையீரல் வரைக்கும் போவாங்க. மாத்திரை அவங்களை அடக்கும். வாரத்துல ஒரு நாள்தான் முழுங்கணும். தாய்ப்பாலை நிறுத்தினப்புறம்தான் ஆரம்பிக்கணும்."

"பிள்ளையைத் தூக்கலாமா டாக்டர்?"

"இப்போதைக்குத் தனியாத் தூக்காதீங்க."

பாலை நிறுத்தி மாத்திரை ஆரம்பித்ததும், காவல்காரர்கள் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது நிஜத் திருடன் நுழைந்துவிடுவானே என்று புருஷன் வாசலில் நின்றுகொண்டான். "இருமுனீங்களா? அப்படியே திரும்புங்க." சொந்தத் தம்பியைக்கூட உள்ளே விடவில்லை. மாதக்கணக்கில் விசில் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் கொசு முனகலாகி அடங்கியது. அவள் மறுபடி கத்தரிக்கோல் பிடித்தாள், பயந்து பயந்து பிள்ளையையும் தூக்கினாள். மாடிவீட்டில் அலாரம் வாங்கினார்கள். ஆனாலும் தினமும் விடியுமுன் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு மணிக்கட்டைக் காதோரம் வைத்துக் கேட்பாள்.

மகளுக்கு மூன்று வயதானபோது ஒரு காலையில் இரண்டு பக்கமும் ஒருசேர ஊதியது. தூக்கச் சொல்லி வழக்கம்போல் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு கட்டிலோரம் நின்ற மகள், விசிலைக் கேட்டுக் கைகளை இறக்கினாள்.

"நீ சும்மா இரும்மா. நானே வரேன்."

தலையணையைக் கீழே இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி, அம்மாவின் கைகளில் படாமல் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

"வந்துட்டாங்களாடி?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டாங்கக்கா."

"சரி, பாலை நான் காய்ச்சிக் கொண்டாரேன். நீ எந்திரிக்காத."