என் காதும் அவர்கள் பாம்பும்

பாம்பென்றால் படைதான் நடுங்கும் என்பார்கள். என் புகுந்த வீட்டில் பரம்பரையே நடுங்கியது. மாமனாரின் அப்பா, பிணைந்து கிடந்த இரண்டு பாம்புகளில் ஒன்றை அடித்துக் கொன்றாராம். மறு வருஷமே பாம்பு கடித்துச் செத்தாராம். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெண்கள் பாம்படம் போடுவதில்லை. படமெடுத்த பாம்பு போலப் பொன்னில் செய்த காதணி அல்லவா, அதைக் கண்டால் செத்த பாம்பின் ஜோடி தேடி வருமாம்.

என் ஆத்தா எனக்கு விட்டுப்போனது ஒரு ஜோடிப் பாம்படம்தான். சின்ன வயதில் காது வளர்த்து, தோளைத் தொடும்வரை வலி பொறுத்ததும் அதற்காகத்தான். கல்யாணத்தன்றே மாமியார் சீனியம்மாள் அதைக் கழற்றிப் பானைக்குள் போட்டுவிட்டாள். ஒன்பது வருஷம் வெறுங்காதோடு உசிலம்பட்டிச் சந்தைக்குப் போய் வந்தேன். "புருசன் இருக்கையிலே மூளிக்காதா?" என்று கேட்காத வாய் இல்லை.

ஜெர்மன் சண்டை தொடங்கியதற்கு மறு தையில் பொறுக்க முடியாமல் எடுத்து மாட்டிக்கொண்டேன். மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். என் வீட்டுக்காரர் முத்திருளன் மட்டும், "அழகாத்தான்டி இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அந்த மனுஷனைக் கும்பிட்டிருப்பேன்.

ஆவணியில் கடலைக்காட்டில் அவர் காலைப் பாம்பு கடித்தது. பக்கத்தில்தான் நின்றேன். சாரை. இரண்டு பேரும் கண்ணால் பார்த்தோம். சாரைக்கு விஷமில்லை என்பது காட்டில் கால் வைத்த எவருக்கும் தெரியும். "சாரைதானய்யா, வா வீட்டுக்கு" என்றேன். சிரித்துக்கொண்டேதான் நடந்து வந்தார்.

வாசலில் மாமியார் ஒப்பாரி வைத்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"அத்தே, அது சாரை. ஒங்க மகனையே கேளுங்க" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "சாரை மாதிரிதான் தெரிஞ்சுச்சு... எதுக்கும் கழட்டிக் குடுத்துருடி."

எதுக்கும்! கடித்த பாம்பைக்கூட மன்னிப்பேன், அந்தச் சொல்லை மன்னிக்க மாட்டேன். கழற்றிக் கொடுத்தேன். ஆசாரி உருக்கினார். உள்ளே அடைத்திருந்த அரக்குப் போக மிஞ்சிய பொன்னில் ஒரு குட்டிப் பாம்பு செய்து கோயில் உண்டியலில் போட்டார்கள். பாம்புக்குப் பயந்து நகையை அழித்து, அதையே பாம்பாக்கிய புத்திசாலிகள். மூன்றாம் நாள் அவர் ஏர் பூட்டப் போனார். பாம்படம் போனதால்தான் உயிர் பிழைத்தார் என்று ஊரே சொன்னது. அவரும் சொன்னார்.

அன்று மத்தியானம் தலை வாரிவிட மகள் அன்னக்கொடியைக் கூப்பிட்டேன். ஆறு வயது, எந்நேரமும் என் மடியில் கிடப்பவள். கிட்டே வராமல் தள்ளியே நின்றாள்.

"நீ ஏன் ஆத்தா அப்பாவைக் கடிக்கச் சொன்ன?"

அது சாரை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? கண்ணால் பார்த்தவரே சொல்லவில்லை.