பட்டு விடாத கதிர்கள்

விடியுமுன்பே வயலில் இறங்கினால்தான் ஆண்பூ மகரந்தத் தூளைக் கொட்டாமல் கைக்கு வரும். பனி சொட்டச் சொட்டப் பெண்கள் மக்காச்சோள வரிசைகளுக்குள் நுழைந்தார்கள். அரம் போன்ற இலைகள் முழங்கையைக் கீறின. கீறிய இடத்தில் வியர்வை பட்டுத் தீயாய் எரிந்தது. உச்சியைப் பிடித்துச் சுண்டி இழுத்தால் பச்சைப்பூ முழுசாய்க் கழன்று வரும். காலடியில் போட்டுவிட்டு அடுத்த செடி. இடையிடையே ஒரு வரிசையை மட்டும் தொடக் கூடாது. அதன் தூள் மற்ற செடிகளில் விழுந்தால்தான் கம்பெனிக்கு விதை. மரபணு மாற்றிய விதை. ஒவ்வொரு விதைப்புப் பட்டத்துக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டிய விதை.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அவளுக்கு இந்த வேலை உடம்புக்கு வாகாக இருந்தது. ஊரெல்லாம் குனிந்து பிழைக்க, இவள் ஒருத்தி நிமிர்ந்து பிழைக்கிறாள் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை. முந்தின நாள் மாவு மில்காரர் வந்து போனது எல்லோருக்கும் தெரியும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய குத்தகை நிலம். மாமியார் வழியாக வந்த வெள்ளை மக்காச்சோளம். மழை ஏமாற்றினாலும் ஏமாற்றாத சோளம். போன அறுவடையில்தான் வெள்ளைக் கதிருக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் மணிகள் தலைகாட்டின. கம்பெனி வயலின் நிறம் அது. அவளும் நாத்தனாரும் கண் பூத்துப் போகும்வரை உட்கார்ந்து மஞ்சளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, வெள்ளையை மட்டும் விதைத்தார்கள். விட்டது சனி என்று நினைத்தாள். நேற்று வந்த மில்காரர், வயலில் நின்ற பயிரில் இலை கிள்ளி, தண்ணீரில் கசக்கி, மரபணு மாற்றத்தைக் காட்டும் சோதனைத் தாளை நனைத்தார். ஒரு கோடு வர வேண்டிய தாளில் இரண்டு கோடு வந்தது. வெள்ளைக்குள்ளேயும் கம்பெனி மரபணு புகுந்திருந்தது. இனி இந்தச் சோளத்தை வாங்க முடியாது என்று அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். கண்ணுக்குத் தெரிந்ததைப் பொறுக்கலாம். தெரியாததை எதைக் கொண்டு பொறுக்குவது?

மிச்சம் இருந்தது நாத்தனாரின் பள்ளத்து நிலம் மட்டும்தான். நாலாபுறமும் மேடு மறைத்ததால் அந்த விதை மட்டும் கெடாமல் இருந்தது. இந்தப் பட்டத்தில் கம்பெனி அந்த மேட்டையும் வளைத்து விதைத்துவிட்டது.

வெளிச்சம் பரவும் நேரத்தில் நாத்தனார் வரிசைகளை விலக்கிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணி, பள்ளத்துல கதிர் பட்டு விட ஆரம்பிச்சிருச்சு. மேட்டுல இவங்க ஆண்பூவும் இன்னைக்கு வெடிச்சிடும் போலிருக்கு."

கதிர் நுனியில் பட்டு நூல் வெளியே வந்துவிட்டால் எந்தத் தூள் விழுந்தாலும் பிடித்துக்கொள்ளும். நெட்டை பிடித்த பூவை இழுக்காமல் விட்டாள். கை தானாகக் கீழே இறங்கியது. பக்கத்து வரிசைக்காரி என்னவென்று கேட்டாள். விஷயம் வரிசை வரிசையாகப் போயிற்று. குத்தகைக்காரிகள் பாதிப் பேர். மற்றவர்களுக்கு நிலமே இல்லை. ஆனாலும் ஒருத்தி பின் ஒருத்தியாக எல்லோரும் வரப்பில் வந்து உட்கார்ந்தார்கள். மேஸ்திரி கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், கடைசியில் போன் போட்டார்.

மேனேஜர் ஜீப்பில் வந்தார். மரியாதையாகவே பேசினார். என்ன வேண்டும் என்று கேட்டார்.

"பள்ளத்தை ஒட்டி, பூ கிள்ளாம விட்ட ஆண் வரிசைங்களை மட்டும் அறுத்துடுங்க சார். மத்ததை நாங்க வழக்கம்போல முடிச்சுக் கொடுக்கறோம்" என்றாள் நெட்டை.

"காத்து அடிக்குது, தூள் பறக்குது. காத்துக்கு நான் பொறுப்பாம்மா?"

"போன வருஷம் எங்க தூள் உங்க வயலுக்கு வந்துடும்னு இந்த ஓரத்துல எங்களை விதைக்கவே விடலை. அப்ப மட்டும் காத்துக்கு நாங்க பொறுப்பா இருந்தோமே சார்."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அது அவருக்குத் தெரியாத நியாயமல்ல, தேவையில்லாத நியாயம்.

"உங்க சோளத்துல இருக்கறது எங்க கம்பெனி சரக்கு. நாங்க கேஸ் போடாம இருக்கறதே பெரிய விஷயம். மதியத்துக்குள்ள வேற ஆள் வந்துடும். உட்கார்ந்தவங்க நாளைக்கும் உட்கார்ந்துக்கலாம்."

உச்சி வேளைக்கு முன்பே லாரி வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள். இவர்களைப் போலவே கீறல் விழுந்த கைகள். நெட்டை எழுந்து போய் விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பெரும்பாலானோர் தலைத்துணியை இறுக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று ஒருத்தி போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அவள் மேல் கோபப்பட நெட்டைக்கு மனம் வரவில்லை.

மேட்டில் ஆண்பூக்கள் வெடித்தன. வெயிலில் மஞ்சள் புகைபோலத் தூள் எழுந்து, ஒரு முறை தயங்கி, பள்ளத்தை நோக்கிச் சாய்ந்தது. பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பட்டு விட்ட கதிர் போச்சு. விடாத கதிர் இருக்குல்ல?" என்றாள் நாத்தனார். "அதை மூடிக் கட்டலாம். நம்ம பூவையும் இப்பவே உறை போட்டு வச்சு, அந்தத் தூளை நாமளே கையால தூவலாம்."

எல்லோரும் பள்ளத்துக்கு நடந்தார்கள். செய்தி கேட்ட மில்காரர் காகிதப் பைகளைக் கட்டாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். அது தீர்ந்ததும் பழைய சட்டை, தலையணை உறை, தலைத்துணி எல்லாம் கிழிந்தன. நிலமில்லாதவர்கள்தான் வேகமாகக் கட்டினார்கள். நாளைக்கு வேலை கிடையாது, வேறெந்தக் கம்பெனியும் இவர்களைச் சேர்க்காது என்பது அவர்களுக்குத் தெரியும். மறுநாள் எந்த வயலிலும் யாரும் தனியாகக் கூலி பேசுவதில்லை என்று கட்டிக்கொண்டே முடிவு செய்தார்கள்.

வரிசைக் கோடியில் புதிதாக ஒரு முகம். லாரியில் வந்தவள். அங்கிருந்து எப்போது நழுவி வந்தாளோ, ஒரு கதிரைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"இவ்வளவு கட்டுறீங்களே, இதுல எத்தனை பிழைக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியலை. ஒண்ணுமே பிழைக்காமலும் போகலாம்" என்றாள் நெட்டை.

வந்தவள் தன் தலைத்துணியை அவிழ்த்தாள். ஓரத்தைப் பல்லால் கடித்துக் கீறி, ஒரு பாதியை நெட்டையிடம் நீட்டினாள்.

"இழு."