குனிந்தாலும் தெரியாத துப்பாக்கி

ட்வைலா குதிரைகளுக்கு லாடம் அடிப்பவள். குதிரையின் முகத்தைக் காட்டினால் கொஞ்சம் யோசிப்பாள். குளம்பைக் காட்டினால் போதும், யார் வீட்டுக் குதிரை, போன தடவை எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது என்று கடகடவென்று ஒப்பித்துவிடுவாள். ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியில், செம்மண் சாலைகள் முடிகிற இடத்தில் கிடக்கும் பண்ணைகள் எல்லாம் அவள் ஒருத்தியாக அலைந்து பிடித்த வாடிக்கை. பேச்சுவாக்கில் அதை 'என் மேற்கு' என்பாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே?

அந்த மேற்குதான் ஒரு மாதமாக அவள் கையில் இல்லை. பண்ணை ஒன்றிலிருந்து திரும்பும்போது எவனோ ஒருவன் அவள் வண்டியை விடாமல் தொடர்ந்து வந்தான். வேலிக் கதவைத் திறக்க அவள் இறங்கியதும் தானும் இறங்கினான். நல்லவேளை, எதிரே வைக்கோல் லாரி ஒன்று வந்தது, ஆள் கம்பி நீட்டிவிட்டான். விஷயம் அண்ணன் ராய்ஸின் காதுக்குப் போன அன்றே வண்டிச் சாவி அவன் சட்டைப்பைக்குப் போய்விட்டது. தொழில் இருவருக்கும் பொது, வண்டியும் பொது.

"வெளிய தெரியாம இடுப்புல ஒரு துப்பாக்கி இருக்கணும். அத ஒழுங்கா கையாளத் தெரியும்னு என் கண்ணு முன்னாடி காட்டணும். அப்புறம்தான் சாவி. அதுவரைக்கும் மேற்கே நான் போறேன்" என்று சொல்லிவிட்டான்.

போகத்தான் செய்தான். பண்ணைக்காரர்கள் ட்வைலாவுக்குப் போன் போட்டுப் புலம்பினார்கள். "உங்கண்ணன் தங்கமான மனுஷன்தாம்மா. ஆனா எங்க செவலைக் குதிரை அவருக்குக் காலே குடுக்க மாட்டேங்குது." கேட்கக் கேட்க ட்வைலாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

சனிக்கிழமை காலை மார்வெல்லாவின் துப்பாக்கிக் கடைக்குள் அவள் நுழைந்தபோது ராய்ஸ் முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் முடிவு செய்து வைத்திருந்தான். கண்ணாடி மேசை மேல் ஒரு குட்டி ரிவால்வர். அதற்கு ரோஸ் நிறத்தில் கைப்பிடி.

"பாத்தியா, உனக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல?"

"எனக்கா? பொம்மைக் கல்யாணத்துக்குப் போற பொண்ணுக்கா?"

வாசலோர நாற்காலியில் டோனட்டும் காபியுமாக உட்கார்ந்திருந்த பர்ல் கிழவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அவர் ஒன்றும் வாங்குவதில்லை, சனிக்கிழமை தவறாமல் வேடிக்கை பார்க்க வருவார்.

"ராய்ஸு, நீ போயி காபி குடி சாமி. வாங்கப்போறது அவ" என்றாள் கடைக்கார மார்வெல்லா. நரைத்த பின்னலும் உரத்த குரலுமாக இருக்கும் அவளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. மார்வெல்லா துப்பாக்கியைத் தரைப் பக்கம் தாழ்த்திப் பிடித்து, திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்ப்பாள், விரலை விட்டும் பார்ப்பாள். அப்புறம்தான் நீட்டுவாள். வாங்குகிறவரும் அதையே மறுபடி செய்ய வேண்டும். ட்வைலா ஒவ்வொன்றையும் வாங்கித் திறந்து சுண்டுவிரலை உள்ளே விட்டுத் துழாவினாள்.

"அக்காதான் பாத்துட்டாங்கல்ல? பல்லு புடுங்குற டாக்டர் மாதிரி என்னத்த நோண்டுற?" என்று ராய்ஸ் கேலி செய்தான்.

"எத்தனை வருஷம் பழகுன குதிரையா இருந்தாலும் கால தடவிப் பாத்துட்டுத்தான் தூக்குவேன். கைப்பழக்கம், விடு."

கடைக்குப் பின்னாலிருந்த சுடுகளத்தில் மூன்றைச் சுட்டுப் பார்த்தாள். ரோஸ் ரிவால்வர் இறகு மாதிரி லேசு, அதனாலேயே சுடும்போது உள்ளங்கையில் சுள்ளென்று அறைந்தது. நடுத்தரப் பிஸ்டல் ஆடாமல் அசையாமல் சொன்ன இடத்தில் சுட்டது. ஆனால் அதை இடுப்பில் செருகிச் சட்டையை இழுத்துவிட்டால் பணியாரம் மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. மூன்றாவது ஒல்லிப் பிஸ்டல். கைப்பிடி குட்டை, சுண்டுவிரலுக்கு இடமில்லை. சுடும்போது பின்னுதை இருந்தது, தாங்குகிற உதைதான். தோட்டாவை உள்ளே ஏற்ற அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்கப் பல ஆண்களே முக்குவார்கள். நாளெல்லாம் குளம்பு வெட்டும் ட்வைலாவின் கைக்கு அது கதவுத் தாழ்ப்பாளை இழுப்பது போலத்தான்.

"அப்ப இதுதானா?" என்றாள் மார்வெல்லா.

"இன்னும் தெரியலக்கா. கண்ணாடி முன்னாடி நின்னா எல்லாமே மறையுது. என் பொழப்பே குனிஞ்சு கெடக்குறது. பின்னாடி வெச்சா சட்டை ஏறிடும். முன்னாடி வெச்சா வயித்துல குத்தும். குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்." அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, திரும்பி நின்னு ஒரு கால தூக்கு."

"எதுக்கு?"

"குளம்பு மாதிரி பிடிச்சுப் பாக்கணும்."

"நான் என்ன குதிரையா? ஊரே பாக்குது. போடி!"

ஊர் என்பது பர்ல் கிழவர் மட்டும்தான். ஆனாலும் ராய்ஸின் முகம் கறுத்துவிட்டது. பேச்சை மாற்ற, தன் சட்டையை விலக்கி இடுப்பிலிருந்த பெரிய பிஸ்டலை உருவினான்.

"துப்பாக்கின்னா இது. வாங்குறதா இருந்தா இதையே வாங்கு. கையில பிடிச்சுப் பாரு."

"ராய்ஸ்! குண்டு போட்ட துப்பாக்கிய என் கடையில உறைய விட்டு எடுக்கக் கூடாதுன்னு வாசல்லயே எழுதி வெச்சிருக்கேன்ல?" என்று மார்வெல்லா சத்தம் போட்டாள்.

"காலி பண்ணிட்டுத்தானேக்கா குடுக்கறேன்." சரக்கென்று மேல்பாகத்தை இழுத்தான். உள்ளேயிருந்த தோட்டா துள்ளி வெளியே வந்தது. அதை அந்தரத்திலேயே லபக்கென்று பிடித்து, எப்படி என்பது போல எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான். பிறகு கைப்பிடிக்குள்ளிருந்த தோட்டா அடுக்கை உருவி மேசையில் வைத்தான். "காலி. இந்தா."

ட்வைலா வாங்கினாள். குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்தாள். மேல்பாகத்தை இழுத்தாள்.

இன்னொரு தோட்டா துள்ளி விழுந்து, கண்ணாடி மேசையில் டொக்டொக்கென்று உருண்டு, அந்த ரோஸ் கைப்பிடியில் முட்டி நின்றது.

பர்ல் கிழவரின் டோனட் வாய்க்குப் பாதி வழியில் அப்படியே நின்றது. ராய்ஸ் அந்தத் தோட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுக்கை முதலில் உருவிவிட்டுத்தான் மேல்பாகத்தை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஒரு தோட்டா வெளியே வரும்போதே அடுத்தது உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளும். தங்கைக்கு முதன்முதலில் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த நாளில் அதை அவள் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னவன் அவன்தான்.

ட்வைலா பிஸ்டலுக்குள் இன்னொரு முறை சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். அவள் அதை அப்படியே நம்பி விசையை அழுத்தியிருந்தால்? அப்புறம் மெல்ல ஒரு பெருமிதம் நெஞ்சுக்குள் ஏறியது. யார் நீட்டினாலும், கூடப் பிறந்த அண்ணனே நீட்டினாலும், அவள் கை பார்த்துவிட்டுத்தான் நம்பியது. குத்திக்காட்ட நாக்கு துறுதுறுத்தது. அண்ணன் இன்னும் தோட்டாவிலிருந்து கண்ணை எடுக்காததைக் கண்டு அடக்கிக்கொண்டாள். காலிப் பிஸ்டலைத் திறந்தபடியே அவன் முன்னால் வைத்தாள்.

மார்வெல்லா வாசலில் எழுதி வைத்திருந்ததை விரலால் காட்டினாள். அது ராய்ஸுக்குத் திட்டை விட அதிகமாக உறைத்திருக்கும்.

 ராய்ஸ் தொப்பியைக் கழற்றி வைத்தான். மேசையின் மரச்சட்டத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வலது காலைப் பின்னால் தூக்கினான்.

"ம். பிடி."

"ஒதைக்க மாட்டியே?"

"பிடிடீன்னா!"

ஒல்லிப் பிஸ்டலை மார்வெல்லா பார்த்துக் கொடுக்க, தானும் பார்த்து, உறையோடு இடுப்பின் முன்பக்கம் செருகினாள் ட்வைலா. அண்ணனின் பூட்ஸை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, நன்றாகக் குனிந்தாள். குத்தவில்லை. சட்டை ஏறவில்லை. இடது கையால் பூட்ஸைப் பிடித்தபடி வலது கையால் உருவிப் பார்த்தாள், தடங்கலில்லாமல் வந்தது. திரும்பச் செருகினாள். மார்வெல்லா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"எங்க இருக்குன்னு எடுத்துக் குடுத்த எனக்கே தெரியலடி. இதான் உன்னுது."

காலைத் தூக்கியபடியே ராய்ஸ் சட்டைப்பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினான். "செவலைக் குதிரை காத்துக்கிட்டு கெடக்கு. திங்கக்கெழமையே போயிடு."

ட்வைலா சாவியை வாங்கிக்கொண்டாள். காலைத்தான் விடவில்லை. பூட்ஸின் குதிகாலைக் கட்டைவிரலால் தட்டிப் பார்த்தாள்.

"வெளிப்பக்கமா தேஞ்சிருக்கு. லாடம் மாத்தணும்."

பர்ல் கிழவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஏம்ப்பா ராய்ஸு, எந்தக் குதிரையும் உனக்குக் கால் குடுக்காதாமே. நீ மட்டும் இந்தப் பொண்ணுகிட்ட இப்படி அடங்கி நிக்கிற?"

ராய்ஸ் ஒற்றைக் காலில் நின்றபடியே தலையை நிமிர்த்தினான்.

"பின்ன? யாரு தங்கச்சின்னு நெனச்சீங்க?"