பூட்டுக்காரியின் பதினொரு வரிகள்

பொழுது விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மூன்றாம் மாடி அறையில் குளிரூட்டும் இயந்திரம் கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து பூட்டுக்காரி பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் பட்டை. எட்டு வருடம் மவுஸை உருட்டிய கை அது. ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கவே இப்போது தயங்குகிறது. கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். திரையில் முந்நூற்று நாற்பது பெயர்கள். ஒன்று தேதியைக் காட்டும், ஒன்று பொத்தானை அசைக்கும், ஒன்று பெயரைச் சரிபார்க்கும். எல்லாம் முகம் தெரியாத யார் யாரோ எழுதிப் பொதுக் கிடங்கில் போட்டுவைத்த நிரல் நூலகங்கள்.

பன்னிரண்டு மருத்துவமனைகளின் முன்பதிவுப் பக்கம் இந்த அறையின் உழைப்பில்தான் ஓடுகிறது. காலை ஆறு மணிக்குப் பதிவு திறக்கும். ஒரு நோயாளி கைப்பேசியில் பக்கத்தைத் திறந்ததும் முதலில் வேலையில் இறங்குவது லோடர் என்கிற சின்ன நிரல். எந்த நூலகத்துக்கு எது வேண்டும், எது முன்னால், எது பின்னால் என்று பார்த்து, ஒவ்வொன்றாகக் கிடங்கிலிருந்து இழுத்து வரும். பட்டியலில் உள்ள அத்தனையும் வந்து சேர்ந்தால்தான் பக்கம் தொடங்கும். ஒன்று வராவிட்டாலும் வெறும் வெள்ளைத் திரைதான். எந்த நூலகத்தில் எந்தப் பதிப்பு வர வேண்டும் என்று எழுதி இறுக்கி வைக்கிற கோப்புக்கு அந்த அறையில் பூட்டு என்று பெயர். பூட்டு இல்லாமல் எதையும் வெளியே விடக் கூடாது என்று வாய் ஓயாமல் சொன்னதில் அவளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பூட்டுத்தான் இப்போது இல்லை. மூன்று வாரத்துக்கு முன் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. 'எப்போதும் புத்தம் புதிது' என்று விளம்பரம் போட வேண்டுமாம். பூட்டை எடுத்துவிட்டால் லோடர் தானாகவே புதுப் பதிப்பை இழுத்துக்கொள்ளும், பட்டியல் படிக்கிற நேரமும் மிச்சம் என்றார். பட்டியலை ஒரு நாளும் படித்திராதவருக்கு எல்லாம் சுலபம்தான். வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் கண்ணாடி அண்ணன். சோடாப்புட்டிக் கண்ணாடியும் மெதுவான பேச்சுமாக இருந்தவர்.

"சொன்னதச் செய்ங்க. யோசிக்கிறதுக்கு நான் இருக்கேன்" என்றார் முதலாளி.

அண்ணன் செய்தார். ஆனால் அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மாற்றம் செய்தாலும் மையப் பதிவேட்டில் அதற்குக் கீழே ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். அவர் எழுதினார்: 'முதலாளி சொன்னதால் பூட்டு நீக்கப்பட்டது. எனக்கு உடன்பாடில்லை.'

போன திங்கட்கிழமை விடியற்காலையில் தேதி நூலகத்தின் புதுப் பதிப்பு ஒன்று கிடங்குக்கு வந்தது. அதை எழுதியவர் உள்ளே எதையோ மாற்றியிருந்தார். லோடர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தது. பன்னிரண்டு மருத்துவமனைகளுக்கும் இரண்டரை மணி நேரம் வெள்ளைத் திரை. எழுதியவரே அதைத் திருத்திப் போட்ட பிறகுதான் பக்கம் வந்தது, பூட்டைத் திரும்பப் போட யாரும் சொல்லவில்லை. டயாலிசிஸ் முறைக்குப் பதிய முடியாதவர்கள் வீங்கின காலோடு வாசலில் நின்றார்கள். மதியத்துக்குள் முதலாளி கண்ணாடி அண்ணனைக் கூப்பிட்டுக் கையில் ஒரு கடிதத்தைத் திணித்தார். 'தன் விருப்பப்படி பூட்டை நீக்கிய கவனக்குறைவுக்காகப் பணிநீக்கம்.'

அன்றைக்கு அந்த அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. பூட்டுக்காரியும்தான். அண்ணன் தன் சொம்பையும் நாற்காலியில் போட்டிருந்த துண்டையும் எடுத்துக்கொண்டு படியிறங்கியபோது, அவள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வெட்கம் மூன்று நாளில் முற்றி வஞ்சமாகியிருந்தது. முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மனிதர் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மனம் கறுவியது.

அதற்கு வழியும் அவள் கையிலேயே இருந்தது. முந்நூற்று நாற்பதில் ஒன்று அவளுடையது. என்றைக்கோ பொழுதுபோகாமல் எழுதி, தன் சொந்தப் பெயரில் கிடங்கில் போட்ட பதினொரு வரி. கைப்பேசி எண்ணில் இடைவெளி விட்டுக் காட்டும், அவ்வளவுதான். அதை வெறுமையாக்கிப் புதுப் பதிப்பு என்று போட்டால் போதும். பூட்டுத்தான் இல்லையே. லோடர் அதையும் இழுக்கும், பக்கம் வெளுத்துவிடும்.

அன்று சாயங்காலம் அவளும் சோதனைக்காரியும் கண்ணாடி அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். சோதனைக்காரி என்பவள் வெளியே போகும் பக்கங்களைத் தட்டித் தட்டிப் பார்க்கிறவள். அறையிலேயே வயதில் சின்னவள், வாயில் பெரியவள். கதவைத் திறந்தது அண்ணி. ஜன்னலோரம் அண்ணன் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேலை கேட்டு மூணு இடத்துக்குப் போயிட்டு வந்துட்டாரு" என்றாள் அண்ணி. "கடிதத்தப் படிக்கிற வரைக்கும் நல்லாத்தான் பேசுறாங்க. படிச்சதும் தண்ணி குடிங்கன்னு சொல்லி அனுப்பிடுறாங்க. நீங்கல்லாம் அங்கதானே இருந்தீங்க?"

பூட்டுக்காரி தலையை மட்டும் ஆட்டினாள்.

படியிறங்கும்போது சோதனைக்காரியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "நாளைக்குப் பத்து மணிக்குப் புது வாடிக்கையாளர் வர்றாங்க. அந்தாளு பெரிய திரையில அவங்களுக்கான புதுப் பக்கத்தத் திறந்து காட்டுவாரு. அப்ப வெளுக்கணும். அவர் மூஞ்சியும் சேந்து வெளுக்கணும். அதப் பாத்துட்டு நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

"நல்லா இருக்குக்கா. நாளைக்குப் பக்கம் விழுந்தா பதில் சொல்ற காவல் முறை யாருது?"

பூட்டுக்காரி நின்றாள்.

"என்னுது" என்றாள் சோதனைக்காரி. "அண்ணனுக்குக் குடுத்த அதே கடிதம், பேர மட்டும் மாத்தி எனக்கு வரும். பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறவங்களுக்கு யாரு பதில் சொல்றது? உங்க கோபம் நியாயம்தான். ஆனா அது அந்தாளு கிட்ட போறதுக்குள்ள எங்க தலையிலதான் விழும்."

பூட்டுக்காரி பல்லைக் கடித்தாள். "அப்ப சும்மா விடச் சொல்றியா?"

"யாரு விடச் சொன்னா? இன்னொண்ணு கேளுங்க. இன்னிக்கு மதியம் மையப் பதிவேட்ட வெச்சு என் மெஷின்ல இருக்கிற பிரதியப் புதுப்பிக்கப் போனேன். ரெண்டு வரலாறும் ஒத்துப்போகலைன்னு கத்துது. ஒப்பிட்டுப் பாத்தா, அண்ணன் எழுதின காரண வரி மையத்துல இல்ல. 'தேவையில்லாததால் நீக்கப்பட்டது'ன்னு மாத்தி வெச்சிருக்கு. மையத்துல பழைய வரிய மாத்துற சாவி யாருகிட்ட இருக்கு, முதலாளிகிட்டதான?"

பூட்டுக்காரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், மூன்று நாளில் முதல் தடவையாக. அது நல்ல சிரிப்பு இல்லை. மையத்தில் அழித்தால் எல்லாம் அழிந்தது என்று நினைத்துவிட்டார் மகராசன். அந்த அறையில் வேலை செய்கிற ஒவ்வொருவர் மெஷினிலும் முழு வரலாற்றின் ஒரு பிரதி கிடக்கும் என்பது, வேலை செய்கிறவர்களுக்கு அல்லவா தெரியும்.

"உன் பிரதி?"

"பத்திரமா இருக்கு. நம்ம நெட்டைக்கும் மீசைக்காரருக்கும் சொல்லிட்டேன், யாரும் புதுப்பிக்க வேணாம்னு."

மறுநாள் விடியலில் நான்கு பேரும் ஒன்றாகப் படியேறினார்கள். நெட்டை சர்வர்களைக் கவனிக்கிறவன். மீசைக்காரர் பக்கங்களை வரைகிறவர். முதல் வேலையாகப் பூட்டுக்காரி பூட்டைத் திரும்பப் போட்டாள். முந்நூற்று நாற்பது பெயருக்கும் நன்றாக ஓடுகிற பதிப்பை எழுதி இறுக்கினாள். தன் பதினொரு வரிக்கும் சேர்த்துத்தான். அந்த ஒரு வரியில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் இறுக்கிவிட்டு, கீழே காரணம் எழுதினாள்: 'நோயாளிகள் வாசலில் நிற்கக் கூடாது என்பதால்.' ஆறு மணிக்குப் பதிவு திறந்தது. பன்னிரண்டு இடத்திலும் சரியாக ஓடியது. நான்கு பேரும் திரைகளை அணைத்தார்கள்.

எட்டு மணிக்கு வந்த முதலாளி இருண்ட திரைகளைப் பார்த்தார். "புதுப் பக்கம் எங்க? பத்து மணிக்கு ஆளுங்க வர்றாங்க."

"பழைய பக்கம் ஓடுது. ஓடிக்கிட்டே இருக்கும்" என்றாள் பூட்டுக்காரி. "புதுசுல யாரும் கை வைக்க மாட்டோம். அண்ணன் திரும்பி வரணும். அந்தக் கடிதத்த வாபஸ் வாங்கணும். தப்பு உங்களுதுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

"என் தப்பா? பதிவேட்டப் பாரும்மா. அவன் இஷ்டத்துக்கு எடுத்திருக்கான்."

அவள் ஒரு தாளை அவர் மேசைமேல் வைத்தாள். அண்ணனின் வரி அதில் இருந்தது, நாளும் நேரமுமாக. முதலாளியின் முகம் வெளுத்தது. அவள் ஆசைப்பட்ட அதே வெளுப்பு. அவர் தாளை எடுத்து நான்காகக் கிழித்தார்.

சோதனைக்காரி இன்னொரு தாளை வைத்தாள். அடுத்து நெட்டை. அடுத்து மீசைக்காரர். நாலு மெஷின், நாலு தாள், ஒரே வரி.

"நாலு பேரையும் இப்பவே வெளிய அனுப்புவேன்" என்றார் முதலாளி. "நாளைக்கே நாப்பது பேரு வந்து நிப்பான்."

"வரட்டும்" என்றாள் பூட்டுக்காரி. "பட்டியலைப் புரிஞ்சுக்கவே அவங்களுக்கு ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள அவங்களும் எங்ககிட்ட வந்து பேசுவாங்க. இத மறந்துடுவோம்னு மட்டும் நெனைக்காதீங்க. நான் மறக்க மாட்டேன். அண்ணி முகத்தப் பாத்து நீங்க பதில் சொல்ற வரைக்கும் விட மாட்டேன்."

முதலாளி அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே யாருக்கோ போன் செய்கிற சத்தம் கேட்டது. வக்கீலாக இருக்கலாம், போலீஸாக இருக்கலாம். நால்வரும் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். கீழ்த்தளத்தில் வேறொரு கம்பெனியில் இதே வேலை செய்கிற இரண்டு பெண்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார்கள்.

பத்து மணிக்குச் சற்று முன் கண்ணாடி அண்ணன் வந்தார். அண்ணி கூடவே வந்திருந்தாள். அவர் இரண்டு படி ஏறி நின்று மூச்சு வாங்கினார்.

"என்னால உங்க வேலையும் போயிடும்மா. எத்தனை நாளைக்கு இப்படி உக்காருவீங்க?"

"அண்ணே, பட்டியல்ல ஒண்ணு வரலைன்னா நம்ம லோடர் என்ன செய்யும்?"

"காத்திருக்கும்."

"தொடங்குமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "தொடங்காது" என்றார்.

"அப்ப ஏறி வாங்க" என்று பூட்டுக்காரி நகர்ந்து இடம் விட்டாள். சோதனைக்காரியும் நகர்ந்தாள், அண்ணிக்கும் இடம் வேண்டுமே.