மிதித்து ஓட்டிய கணினி

அந்தப் பேருந்து ஓட்டுநருக்குப் பொறுமையெல்லாம் சாலையில்தான். வீட்டில், கிரிப்டோ நாணயம் ஈட்ட வாங்கிய கணினியை உச்ச வேகத்தில் விரட்டிக்கொண்டிருந்தார். அதற்கான கணக்குகளைப் போடும் ஆறு கிராபிக்ஸ் கார்டுகளில் இரண்டு சூடு தாங்காமல் செத்துப்போயின. வருமானத்தை மின்கட்டணம் விழுங்கியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

மூன்றாவது கார்டும் மக்கர் செய்யத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, ஸ்க்ரூடிரைவரும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்:

"பஸ்ஸையும் இப்படித்தான் மிதிச்சு ஓட்டுவீங்களா?"

"ஐயோ, டீசலைக் குடிச்சே தீர்த்துடும். இன்ஜினும் போயிடும்."

"அப்போ இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவருக்குச் சுருக்கென்றது. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, கணினியில் கார்டுகளின் வேகத்தையும் அவை இழுக்கும் மின்சாரத்தையும் குறைத்து வைத்தார். வருமானம் கொஞ்சம்தான் இறங்கியது. மின்செலவோ வெகுவாகக் குறைந்தது. கணினி விசிறிகளின் ஊளை அடங்கியது. மக்கர் செய்த கார்டுகூட ஒழுங்காக ஓடியது.

அந்த மாதம் கட்டணம் போக, இருவரும் வெளியே சாப்பிடும் அளவுக்கு மிஞ்சியது.

"நாம பணக்காரங்க ஆயிட்டோமா?" என்றாள் மனைவி, ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும்.

"ஆமா. இன்னொரு ஐஸ்கிரீம் சொல்லு" என்றார் அவர், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.