வடக்கே பறந்த விரிப்புகள்

சலவைக்காரி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் துவைத்த துணி, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் வடக்கே மட்டும்தான் பறந்தது. தண்ணீரில் அவ்வளவு இரும்பு. மேட்டுச் சாலையில் போகிற லாரி டிரைவர்கள் அந்தத் துணிக்கொடியைப் பார்த்துத்தான் திசை தெரிந்துகொண்டார்கள். சொந்தக் கிணறு இருக்கிறதே என்று ஆசைப்பட்டு அந்த வீட்டுக்குக் குடிவந்தது சலவைக்காரியின் குடும்பம். இறைக்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வாளியில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் டீ மாதிரி இருக்கும். சோப்பு போட்டால் நுரைக்காது, திரிந்த பால் போலக் கட்டிகட்டியாக மிதக்கும். கெட்டிலுக்குள் சுண்ணாம்பு படிந்து படிந்து, நாலாம் வருஷம் அதில் ஒரு டம்ளர் தண்ணீருக்குத்தான் இடமிருந்தது. அவள் புருஷன் பூட்டு ரிப்பேர்காரர். ஏழு வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்ததில், தெருவில் யார் சாவியைத் தொலைத்தாலும் அது அன்றைக்கே வந்து அவர் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். தெருவே அவரைக் காந்தம் என்றுதான் கூப்பிட்டது. தொழிலுக்கு அது தோதாகவே இருந்தது.

தோதில்லாமல் போனது அவளுக்குத்தான். பிரசவ ஆஸ்பத்திரியின் விரிப்புகளைத் துவைத்துத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. விரிப்புகளோ ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக மஞ்சளித்துத் திரும்பிப் போயின. கறை என்றால் பிளீச்சிங் பவுடர்; அவள் தொழிலில் பால்குடி மறப்பதற்கு முன்பே படிக்கிற பாடம் அது. ஆகவே துணிமேல் போட்டாள். மஞ்சள் செங்கல் நிறமானது. இன்னும் ஒரு கை கூடப் போட்டாள். செங்கல் செம்மண் ஆனது. போடப் போடச் சிவக்கும், சிவக்கச் சிவக்கப் போடுவாள். இப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியின் பெரிய நர்ஸ் ஒரு விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அது அவர் கையிலேயே வடக்கே திரும்பி நின்றது.

“நேத்துப் பிறந்த குழந்தையைத் துருவுல சுத்திக் குடுக்கச் சொல்றியாம்மா? அடுத்த திங்கட்கிழமை நாப்பத்திரண்டு விரிப்பும் வெள்ளையா வரணும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குறேன். கோவிச்சுக்காதே.”

வீட்டில் ஒரு நாத்தனார் இருந்தாள். வேலை சொன்னால் காலில் ஈயத்தைக் கட்டின மாதிரி நடப்பாள், வம்பு பேசவென்றால் பறப்பாள். புதன்கிழமை காலை துணியை ஊறவைத்துப் பவுடர் போடச் சொன்னதற்கு, துணியை எடுக்கச் சோம்பல்பட்டு, வெறும் தண்ணீர் டிரம்மிலேயே ஒரு கரண்டி பவுடரைக் கொட்டிவிட்டுப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டாள். மத்தியானம் வந்து பார்த்த சலவைக்காரி கொதித்துப்போனாள்.

“ஏண்டி, தண்ணிக்கா கறை பிடிச்சிருக்கு? அதுக்குப் போய் மருந்து போட்டிருக்கே!”

“ஆமா அண்ணி, அதுக்குத்தான் பிடிச்சிருக்கு. வேணும்னா எட்டிப் பாருங்க,” என்றாள் நாத்தனார் பக்கத்து மாடியிலிருந்தே, அப்போதைக்குத் தப்பித்தால் போதுமென்று.

எட்டிப் பார்த்தாள். பவுடர் பிரித்துவிட்ட இரும்பு, டிரம்மின் அடியில் நாலு விரல் உயரத்துக்குச் செஞ்சேறாக இறங்கியிருந்தது. அதற்கு மேலே தெளிந்த தண்ணீர். ஒரு குவளை மொண்டு வைத்தாள். சாயங்காலம் வரைக்கும் அது டீ ஆகவில்லை. உடனே புருஷனைப் பிடித்து இன்னொரு டிரம்மின் அடியில் துளை போடச் சொல்லி, கூழாங்கல்லும் மணலும் நிரப்ப வைத்தாள்.

“இரும்பெல்லாம் போயிட்டா எனக்கு யாரு சாவி கொண்டுவருவா?” என்று கேட்டுக்கொண்டே அள்ளிப் போட்டார் அவர்.

“உங்களுக்குச் சாவி முக்கியமா, சோறு முக்கியமா?”

தெளிந்த தண்ணீரை அதில் ஊற்றியதும் மிச்ச இரும்பு மணலில் நின்றுபோனது. வடிந்து வந்த தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து வைத்தாள், சுண்ணாம்பு வெள்ளையாக அடியில் இறங்கியது. துணியில் ஏற்கெனவே ஏறியிருந்த துருவை எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்து, கை எரிய எரிய மூன்று பேரும் மூன்று நாள் தேய்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சோப்பைத் தொட்டதும் ஏழு வருஷத்து நுரையும் ஒன்றாகப் பொங்கி வந்தது. முற்றம் நிறைந்து, வாசல் தாண்டி, தெருமுனைத் தையல்கடை வரைக்கும் போனது. போகிற வழியில் நாத்தனாரைத் தூக்கிப் பக்கத்து வீட்டு மாடியில் இறக்கியது. “அங்கேயே இரு, உனக்கு அதுதானே இடம்!” என்று கீழேயிருந்து கத்தினாள் சலவைக்காரி. அன்றைக்குத்தான் முதல் தடவையாக நாற்பத்திரண்டு விரிப்புகளும் காற்று அடித்த பக்கமெல்லாம் பறந்தன. ஒரே வெள்ளை. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ஜெயித்த ஆள் நிற்கிற மாதிரி நின்றாள். மறுநாள் பெரிய நர்ஸ் ஒன்றை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார். “கண்ணு கூசுதேம்மா. மாடி வார்டுத் துணியையும் நீயே எடுத்துட்டுப் போ,” என்றார்.

அதற்கப்புறம் சேற்றில் இறங்குகிற இரும்பு தலையோடு கூடிய ஆணிகளாகவும், சோடாவில் இறங்குகிற சுண்ணாம்பு நாலு ஓட்டைப் பொத்தான்களாகவும் கிடைக்க ஆரம்பித்தன. ஆணிகளைத் தச்சர் சனிக்கிழமை வந்து வாங்கிப் போகிறார். பொத்தான்களை ஆஸ்பத்திரி உடுப்புகளில் தைத்து அனுப்புகிறாள். மழைக்காலத்தில் சிலதுக்கு இரண்டு ஓட்டைதான் விழுகிறது, நாத்தனார் ஊசியைச் சுடவைத்துச் சரிசெய்துவிடுகிறாள். மூன்று லாரிகள் வழிதவறியதில் டிரைவர்கள் மட்டும் வந்து சத்தம் போட்டார்கள். அதனால் தினமும் மருந்து போடாமல் ஒரு வாளி எடுத்துவைக்கிறார்கள். அதில் ஒரு டம்ளர் புருஷன் காந்தத்துக்குக் குடிக்க, சாவிகளை உத்தேசித்து. மீதியில் ஒரு பழைய துண்டை அலசிக் கொடியின் ஓரத்தில் போடுகிறார்கள். விரிப்புகளெல்லாம் இஷ்டத்துக்குப் பறக்க, துண்டு வடக்கைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.